எப்போது கை வைப்பது?

பறக்கத் தெரிந்த எல்லோருக்கும் பறக்கக் கற்றுக்கொடுக்கத் தெரிந்துவிடாது. அதற்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருக்கிறது, தாம்பரத்தில்.

பெங்களூர் வைட்ஃபீல்டின் ஹோப் ஃபார்ம் சந்திப்பு. சிவப்பில் 'எல்' எழுதிய கார் ஒன்று இரண்டு முறை குலுங்கி, நடுரோட்டில் நின்றுபோகிறது. பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளக்கிறது. ஓட்டக் கற்றுக்கொள்கிறவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் அலட்டிக்கொள்ளவில்லை. அவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. எது தப்பானாலும் வண்டியை நிறுத்திவிடலாம்.

தலைக்கு மேலே, வானத்தில் அந்த வசதி கிடையாது. வைட்ஃபீல்டுக்கு மேற்கே சில கிலோமீட்டரில் எச்.ஏ.எல். விமான நிலையம். 2008-ல் பயணிகள் விமானங்கள் தேவனஹள்ளிக்குப் போய்விட்ட பிறகும் இங்கே ராணுவ, சோதனை விமானங்களின் இரைச்சல் ஓயவில்லை. விமானப்படைக்கான எச்.டி.டி.-40 பயிற்சி விமானம் 2016 மே மாதம் முதன்முதலாகப் பறந்தது பெங்களூரில்தான். அப்படி 70 விமானங்கள் வாங்க 2023-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. விமானத்தின் எஞ்சின், வேகம், விலை பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதன் பின் இருக்கையில் உட்காரப்போகும் ஆசிரியரைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

இந்த அலட்சியம் பழையது. முதல் உலகப் போரின்போது, போர்முனையில் களைத்துப்போன விமானிகளைப் பயிற்சி தர அனுப்புவது பிரிட்டனில் சகஜம். கற்றுக்கொடுப்பது ஓர் ஓய்வு வேலை என்று கருதப்பட்டது. அதை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1917-ல் காஸ்போர்ட் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்கென்றே ஒரு பள்ளியை நடத்தினார். மாணவரை விமானியின் இருக்கையிலேயே உட்காரவைத்தார். எஞ்சின் இரைச்சலை மீறிப் பேச ஒரு குழாயைப் பொருத்தினார். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆபத்தை மறைக்காமல் காட்டினார். விமானம் பம்பரமாகச் சுழன்று விழும் 'ஸ்பின்' என்றாலே விமானிகள் நடுங்கிய காலம் அது. வேண்டுமென்றே அதில் நுழைந்து, பதறாமல் வெளியே வரப் பழக்கினார்.

இந்திய விமானப்படை தன் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு மாற்றியது. தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை விமானிகளும் நட்பு நாட்டு விமானிகளும் இங்கே வருகிறார்கள். வருகிறவர்கள் ஏற்கெனவே தேர்ந்த விமானிகள். ஆனால் முதல் நாளிலிருந்து மறுபடி மாணவர்கள்.

அவர்களுக்கு முதல் சோதனை, வாய். கை தன்னிச்சையாகச் செய்துவிடும் ஒரு வேலையைச் சொல்லில் கொண்டுவர வேண்டும். அதுவும் செய்யும் அதே கணத்தில். விமானம் திரும்பி முடித்த பிறகு திரும்புவது எப்படி என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அடுத்தது, நடிப்பு. பயிற்சியில் இருவர் சேர்ந்து பறக்கும்போது ஒருவர் மாணவராகி, புது ஆள் செய்யும் தப்புகளையெல்லாம் செய்துகாட்டுவார். மற்றவர் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். தப்பு எது என்பது எல்லோருக்கும் தெரியும். அது ஏன் நேர்ந்தது என்று சொல்லத் தெரிந்தால்தான் ஆசிரியர்.

கடைசிச் சோதனை, கை. தரையைத் தொடுவதற்குச் சில விநாடிகள் முன்பு விமானத்தின் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். மாணவர் தாமதிக்கிறார். ஆசிரியர் உடனே கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டால் மாணவர் எதையும் கற்கவில்லை. ஒரு விநாடி கூடுதலாகக் காத்திருந்தால் சக்கரம் உடையலாம், உயிரும் போகலாம். மோசமான ஆசிரியர் மூன்றாவது வழி ஒன்று வைத்திருப்பார். மாணவருக்குத் தெரியாமலே கட்டுப்பாட்டுக் கோலை லேசாக அழுத்திக்கொண்டே வருவார். விமானம் பூப்போல இறங்கும். தானே இறக்கியதாக மாணவர் பூரித்துப்போவார். பலவீனம் அப்படியே உள்ளே தங்கிவிடும். "ஐ ஹாவ் கன்ட்ரோல்" என்று உரக்கச் சொல்லிவிட்டு வாங்கு, இல்லையென்றால் தொடாதே என்ற விதி அதனால்தான் அவ்வளவு கறாராக இருக்கிறது.

சிவில் துறையில் சிக்கல் வேறு மாதிரி. வர்த்தக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருந்தால் போதும். ஏர்லைன் வேலை கிடைக்கும்வரை பறந்த மணிக்கணக்கைக் கூட்ட வேண்டும். அதற்குச் சுலபமான வழி, உதவிப் பயிற்சியாளர் ஆவது. இடது இருக்கையில் பழகியவர் வலது இருக்கைக்கு மாறுகிறார். இதுவரை வலது கை செய்ததை இனி இடது கை செய்ய வேண்டும். ஓடுபாதைகூடச் சற்றுக் கோணலாகத் தெரியும். அது பழகி, நிஜமாகவே கற்றுக்கொடுக்கத் தொடங்கும் நேரத்தில் ஏர்லைனிலிருந்து கடிதம் வந்துவிடுகிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. சம்பளமும் மரியாதையும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் முதல் ஆசிரியரிடம் படிந்த பழக்கம், நல்லதோ கெட்டதோ, நூறு பயணிகளை ஏற்றிப் பறக்கும் நாளிலும் மாணவரை விடாது.

ஒருநாள் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கிக்கொள்கிறார். மாணவர் முதல்முறையாகத் தனியே மேலே போகிறார். ஓடுபாதை ஓரத்தில் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தபடி நிற்பவருக்கும் அன்றுதான் பரீட்சை. கை வைக்க அவருக்கு முன்னால் எதுவும் இல்லை.