பாலர் பருவத்தின் பாடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளியில் சேருமுன்பே குழந்தையின் புத்தி உருப்பெறத் தொடங்கிவிடுகிறது என்று தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் பரிபூரணமாக ஆமோதிக்கிறேன். எங்கள் வீதி அங்கன்வாடியில், வாய் திறவாதிருந்த என் பேத்தி, புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக அடுக்கி, கோழியென்றும் குஞ்சென்றும் பெயரிட்டு, டீச்சரம்மாவோடு ஓயாமல் சம்பாஷிக்கத் தொடங்கியதைக் கண்ணாரக் கண்டவன் நான். சத்துமாவுக்குச் சற்றும் குறையாமல் அந்தப் பேச்சும் அவளைப் போஷித்தது என்பது என் திடமான அபிப்பிராயம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் போஷாக்கோடு முன்பருவக் கல்வியையும் சேர்த்தே விதித்திருக்க, அங்கன்வாடிப் பணியாளரின் காலைப்பொழுது பதிவேட்டிலும் கைபேசிப் பதிவிலும் கரைவது மிகவும் வருந்தத்தக்கது. காலை பத்து முதல் பன்னிரண்டு மணிவரை குழந்தைகளோடு இருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு அலுவல் எதுவும் தரலாகாது என அரசாங்கம் உத்தரவிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
பேகம்பூர், திண்டுக்கல்.