விழுந்தவரைத் தேட ஒரு கருவி

2024 செப்டம்பர் 26 அன்று சூரிச்சில் நடந்த ஜூனியர் மகளிர் உலக சாலை சைக்கிள் பந்தயத்தில், மழையில் நனைந்த காட்டுப்பாதையில் விழுந்தார் 18 வயது முரியல் ஃபுரர். சொந்த நாட்டுச் சாலை அது. நெடுநேரம் யார் கண்ணிலும் படாமல் கிடந்ததாகச் செய்திகள் கூறின, மறுநாள் இறந்துபோனார். உலகப் போட்டியில் வீராங்கனைகளுக்கு ரேடியோ கிடையாது. காதில் பயிற்சியாளர் ஓதிக்கொண்டே இருந்தால் சொந்தமாக யோசித்து ஓட்ட மாட்டார்கள் என்பது காரணம். அதில் நியாயம் உண்டு, வளரும் வயதினருக்கு இன்னும் அதிகமாகவே. ஆனால் ஜிபிஎஸ் கருவி வியூகம் சொல்வதில்லை. ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் எங்கே நின்றுவிட்டார் என்பதை மட்டுமே காட்டுகிறது. 2025இல் கிகாலியில் நடந்த உலகப் போட்டியில் எல்லோருக்கும் அதைப் பொருத்தினார்கள். அந்தக் கருவி தரும் தரவு யாருக்குச் சொந்தம் என்று அணிகள் எழுப்பும் சர்ச்சை தனியே நடக்கட்டும். செலவைக் காட்டித் தயங்குவோருக்கு ஒன்று: பின்தொடரும் வாகனங்கள் குறைவாக உள்ள சிறிய ஜூனியர் பந்தயங்களுக்குத்தான் இது முதலில் வேண்டும்.