மருத்துவர் அறையில் தமிழ் எங்கே?

திருநங்கையரைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் சிரிப்பு எழும். இல்லாவிட்டால் பேச்சு மாறிவிடும். மேடையில் அவர்களுக்காக உருகுபவர்கள்கூட, அவர்கள் எந்த மருத்துவரிடம் போகிறார்கள், அங்கே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை. நான் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

இத்துறையில் சிங்கப்பூர் பின்தங்கிய நாடன்று. 1971-ஆம் ஆண்டிலேயே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. அதை முன்நின்று செய்தவர், இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். 1983-இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்கக் காரணமான குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புதிய பாலினத்தின்படி திருமணம் செய்துகொள்ள 1996-இல் சட்டம் வழிவிட்டது. இந்த நிலை மனநோய் அன்று என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2019-இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியது.

ஆனால், வழி திறந்திருப்பது வேறு. அதில் நடப்பது வேறு. இந்த அறுவைச் சிகிச்சைக்கு மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி கிடையாது. ஹார்மோன் சிகிச்சையைத் தொடங்க விரும்புபவர் 21 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் கேட்கப்படுகிறது. அதாவது, நம்மோடு விரிவுரையில் அமர்ந்திருக்கும் 19 வயது மாணவருக்கு, தம் அம்மாவுக்குப் புரிய வைப்பதே முதல் சிகிச்சை!

அந்த அம்மாவுக்கு எந்த மொழியில் புரிய வைப்பது?

எனக்குத் தெரிந்த ஒருவருக்காக, அவருடைய அம்மாவுடன் மொழிபெயர்க்கச் சென்றிருந்தேன். மருத்துவர் பொறுமையானவர், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளக்கினார். அம்மா என் பக்கம் திரும்பி, “இந்த மருந்தைச் சாப்பிட்டா என் பிள்ளைக்கு நாளைக்கு ஒரு குழந்தை பிறக்குமாப்பா?” என்று கேட்டார். எத்தனை நியாயமான கேள்வி! ஈஸ்ட்ரோஜன் மருந்து விந்தணு உற்பத்தியைக் குறைக்கும், அது மீளாமலும் போகலாம், ஆகவே விந்தணுவைச் சேமிப்பது பற்றி முன்கூட்டியே பேச வேண்டும் என்பது பதில். அதைக் கூச்சமின்றி ஓர் அம்மாவிடம் சொல்ல நாம் தமிழில் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? திரைப்படங்கள் கற்றுக்கொடுத்த கேலிச் சொற்கள்தாம் மிச்சம்.

ஒன்றை மட்டும் கவனித்தேன். பதிவுப் படிவம் ஆணா பெண்ணா என்று கேட்டது. அம்மாவோ கடைசிவரை “என் பிள்ளை” என்றே சொன்னார். தமிழில் அந்தச் சொல் இருவருக்கும் பொது.

விளக்கம் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறார்கள்? தோழி சொன்ன அளவில் மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். சில கருத்தடை மாத்திரைகளில் உள்ள எதினைல் ஈஸ்ட்ரடையோல் இரத்தக்கட்டு அபாயத்தை அதிகரிக்கும். டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிகளுக்குச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகலாம். அதனால்தான் முதலாண்டில் ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். மார்பக வளர்ச்சியும் குரல் மாற்றமும் மருந்தை நிறுத்தினாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இவை அனைத்தும் தொடங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் அல்லவா?

“இது மருத்துவர் வேலை, தமிழ்ப் பேரவைக்கு இதில் என்ன?” என்று சிலர் கேட்கலாம். நாம் பட்டிமன்றம் நடத்துகிறோம், நாடகம் போடுகிறோம், தமிழ் எத்துறைக்கும் ஏற்ற மொழி என்று ஆண்டுதோறும் முழங்குகிறோம். அந்த முழக்கத்துக்கு இதைவிடத் தேவையான இடம் எது? நம்மிடையே மருத்துவம், தாதிமை, மருந்தியல் பயிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். நான்கே பக்கத்தில், மருத்துவர் ஒருவர் சரிபார்த்த தமிழ்க் கையேடு ஒன்றை நம்மால் எழுத முடியாதா?

எல்லாப் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்மதித்தாலும் மறுத்தாலும், எதற்கு என்று தெரிந்து செய்யட்டும். அச்சத்தால் மறுக்கும் ஓர் அம்மாவுக்கும், புரிந்துகொண்டு யோசிக்கும் ஓர் அம்மாவுக்கும் இடையே இருப்பது சில தமிழ்ச் சொற்கள்தாம். அவற்றை எழுதித் தருவது நம் கடமை. அடுத்த தவணை விடுமுறையிலேயே தொடங்குவோம், நண்பர்களே!