சுரங்க வெடியும் தராதரப் பத்திரமும்

தென்னாபிரிக்காவின் ஸ்ரில்பொன்ரெயின் என்னும் ஊரிலே, கைவிடப்பட்ட பொற்சுரங்கம் ஒன்றினின்றும் 2025 சனவரியில் 78 பிணங்களும், உயிரோடிருந்தோர் 246 பேரும் மூன்று நாள்களில் மேலே கொணரப்பட்ட செய்தியை வாசகர் மறந்திரார். அனுமதியின்றிப் பொன் அகழ்ந்தோர் என்பதனால், கீழே இருந்தோர்க்கு உணவும் நீரும் செல்லவொட்டாது பொலிசார் கட்டுப்படுத்தியமையைப் பலரும் கண்டித்தனர். கண்டித்தல் தக்கதே. ஆயின் அதனொடு சேர்த்துக் கேட்கவேண்டிய வினா ஒன்று உளது. இத்தகையோர் பாறை பிளக்கும் வெடியை வைக்கக் கற்றது எங்கே? அவருட் பலர் முன்னாளில் முறையான சுரங்கங்களில் உழைத்துப் பின்னர் வேலையிழந்தோர் என்பது அந்நாட்டார் அறிந்த செய்தி. கல்வி சுரங்கத்திற் கிடைத்தது. தராதரப் பத்திரம் பலர்க்குக் கிடைத்ததில்லை. இப்பிளவு நேற்றுத் தோன்றியதன்று.

வெடி வைத்தல் எளிய தொழிலென்று எண்ணற்க. பாறையிலே துளையிட்டு, மருந்து செறித்து, வெடியைத் தூண்டும் சிறு குழாயைப் பொருத்தி, திரியை அளந்து வெட்டி, ஆள்களை அகற்றிய பின்னரே கொளுத்தவேண்டும். அதன்பின் நச்சுப்புகை நீங்குமட்டும் காத்திருத்தல் வேண்டும். வெடியாது எஞ்சிய துளை எது என்று ஆராய்ந்து காண்பதோ எல்லாவற்றினும் அரிது. முன்னை வெடிப்பில் எஞ்சிய துளையடியிலே மருந்து ஒளிந்திருக்கக் கூடும். அதனுள்ளே மீண்டும் துளையிட்டவன் பிழைப்பது அரிது. ஆதலின், இன்னார் கற்றார், தேறினார் என்று பத்திரம் வழங்கும் முறைமை வேண்டப்பட்டது. யொகன்னஸ்பேர்க் நகரின் பிறாம்பொன்ரெயின் நிலையத்தில், ஐம்பது தொன்னுக்கும் மேற்பட்ட டைனமைற்று புகைவண்டிப் பெட்டிகளில் நாட்கணக்காக வெயிலிற் கிடந்து 1896 பெப்ரவரி 19 இல் வெடித்தது. எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதனைக் கண்ட ஊருக்குப் பத்திரத்தின் தேவையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

எனினும், உயிர்காக்க எழுந்த அப்பத்திரம் வேலியாக மாறிய வரலாறு அறியத்தக்கது. 1911 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்திலே நிறத்தைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதன்கீழ் ஆக்கப்பட்ட விதிகளோ, திரான்சுவாலிலும் ஒரேஞ்சு மாகாணத்திலும் வெள்ளையரல்லாதார்க்குப் பத்திரம் இல்லையென்றன. 1922 இல் வெள்ளைத் தொழிலாளர் தம் இடங்கள் குறைந்த கூலிக்கு ஆபிரிக்கர் கைக்குச் செல்லுமென அஞ்சிக் கிளர்ந்தெழுந்தனர். அரசு பீரங்கியும் வானூர்தியுங் கொண்டு அடக்கிற்று. சுமார் 200 பேர் இறந்தனர். சட்டம் தராத அதிகாரத்தை விதி கொள்ளலாகாதென்று 1923 இல் நீதிமன்றம் அவ்விதிகளைத் தள்ளியது. உடனே, 1926 இல், நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திற்று. அத்திருத்தத்தின் சொல்லாட்சி இலக்கணம் பயின்றார் நின்று நோக்கத்தக்கது. இன்னார்க்கு வழங்கற்க என்று அது கூறவில்லை; இன்னார்க்கு வழங்கலாம் என்றது. ஐரோப்பியர், கேப் கலப்பினத்தார், கேப் மலாயர், மொரீசியசுக் கிரியோலர், சென் எலீனாத் தீவினர் எனப் பட்டியல் நீண்டது. அதிற் காணப்படாதார் ஆபிரிக்கரும் ஆசியருமே. பெயர் சொல்லாது விலக்குதற்கு இதனினும் நயமான வழி யாதுளது?

ஆசியர் என்னுமிடத்து நம்மினத்தாரும் அடங்குவர். நேட்டால் மாகாணத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்த இந்தியருள் தமிழர் பலர். 1913 ஒக்ரோபரில் தமிழ்ப் பெண்கள் நியூகாசில் சென்று, மூன்று பவுண் தலைவரியை எதிர்த்து வேலையை விடுமாறு சுரங்கத்தாரை அழைத்தனர். அவ்வழைப்பினின்றே காந்தியடிகளின் பெருநடை பிறந்தது. வரி 1914 இல் நீங்கிற்று. பதின்மூன்று ஆண்டு கழியுமுன், சுரங்கத்தின் உயர்பணிக்குரிய பத்திரம் அவர்தம் மக்கட்கு மூடப்பட்டது.

சட்டத்தின் கீழே நடந்தது வேறு. பத்திரம் வைத்திருந்தவன் வெள்ளையன். மேற்பார்வை என்பது அவன் பெயரில் இருந்தது. துளையிட்டவரும், பல இடங்களில் மருந்து செறித்தவரும் ஆபிரிக்கரே. 1970 ஐ அடுத்த ஆண்டுகளில் பொற்சுரங்கத்து வெள்ளையர் ஊதியம் ஆபிரிக்கர் ஊதியத்தினும் சுமார் 20 மடங்கு. கீழே வழங்கிய பனகலோ என்னும் கலப்புமொழியோ பெரிதும் ஏவல் வினைகளால் ஆயது. 'எடு', 'வை', 'ஓடு' என்று ஏவுதற்கு ஏற்ற அம்மொழி, ஏன் என்று கேட்பதற்கு ஏற்றதன்று. வெடிமருந்தைக் கையாள்வானுக்கு அவ்வினாவினும் இன்றியமையாத கருவி பிறிதில்லை.

1987 ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வேலியைச் சட்டத்தினின்று அகற்றியது. பட்டியலிற்குரிய ஆள் என்ற சொல் நீங்கித் தகுதியுடைய ஆள் என்ற சொல் இடம்பெற்றது. வெள்ளைத் தொழிற்சங்கம் இறுதிவரை எதிர்த்தது. அவ்வாண்டு ஓகஸ்ற்றிலே மூன்று வாரம் நீடித்த ஆபிரிக்கச் சுரங்கத் தொழிலாளரின் பெரு வேலைநிறுத்தத்தை நடத்திய சங்கத்தின் பொதுச் செயலாளர் சிறில் ராமபோசா. ஸ்ரில்பொன்ரெயின் நிகழ்ச்சியின்போது நாட்டின் சனாதிபதியாக இருந்தவரும் அவரே.

1996 ஆம் ஆண்டின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் பயிற்சிக்கும் தகுதிக்கும் தனி அதிகாரசபை ஒன்றை அமைத்தது நன்று. ஆயின் கதவு திறந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்படலாயின. சிற்றளவில் அகழ்வாரைச் சட்டத்துள் கொணர 2022 இல் அரசு கொள்கையொன்றை வெளியிட்டது. நிலத்துக்கு உரிமம் வழங்குதல் எழுத்துவேலை. வெடி வைப்பவனை அவன் மொழியிற் கற்பித்து, பாறையின் முன் நிறுத்திச் சோதித்துத் தேற்றுதலோ பணமும் ஆசிரியரும் வேண்டும் வேலை. அதனை ஏற்பார் யார் என்பதே என் ஐயம். ஸ்ரில்பொன்ரெயினில் மீட்கப்பட்டோருட் பெரும்பாலோர் மொசாம்பிக், சிம்பாப்வே, லெசோத்தோ நாட்டவர். உரிமம் குடிகளுக்கு மாத்திரமே என்றாயின், பழைய பட்டியலைப் போலவே புதியதும் அவர் பெயரைச் சொல்லாது விட்டுவிடும். அவரோ அடுத்த சுரங்கவாயிலைத் தேடிச் செல்வர்.