ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் தனியார் கல்வி நிலையங்களை மூடவேண்டும். அந்நேரத்திற் பிள்ளைகள் அறநெறிப் பாடசாலைக்கும் மறைக்கல்விக்கும் செல்ல வழிவிடவேண்டும் என்ற கோரிக்கை நம் பகுதிகளிற் பல ஆண்டுகளாக எழுந்துகொண்டே இருக்கின்றது. கோயிலைச் சார்ந்தோரும் தேவாலயத்தைச் சார்ந்தோரும் இவ்விடயத்தில் ஒரே குரலிற் பேசுகின்றனர். அக்கோரிக்கையை நாம் ஆதரிக்கின்றோம். ஆயினும், ஆதரிப்பதோடு நின்றுவிட நம் மனம் இடந்தரவில்லை. கதவை மூடுவது எளிது. மூடிய கதவின் முன்னே புத்தகப் பையோடு நிற்கும் பிள்ளை அடுத்து எங்கே போகும்? போகுமிடத்தில் அதற்கு என்ன கிடைக்கும்? இவ்வினாக்களுக்கு விடை கூறாமற் சட்டம் கேட்பது, தம் கடமையை அதிகாரியின் தலையிற் சுமத்துவதாகவே முடியும்.

‘ரியூட்டறி’ என்று ஊரார் அழைக்கும் அந்நிலையங்களை ஒருமுறை போய்ப் பார்ப்பது நன்று. தகரக் கூரை, நெருக்கியடித்த வாங்குகள், வேர்வை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பத்து வயதுக் குழந்தைகூட அங்கே இருக்கின்றது. பாடசாலை முடிந்தால் ரியூட்டறி. அது முடிந்தால் வீட்டுப்பாடம். கோயில் வீதியில் ஓடி விளையாடிய மாலையும், வாசிகசாலையிற் பத்திரிகைக்கு முண்டியடித்த மாலையும், பாட்டியின் அருகிலிருந்து கதை கேட்ட இரவும் அக்குழந்தைக்கு இல்லை.

இதற்காகப் பெற்றோரை மாத்திரம் பழித்தல் நீதியன்று. அவர்களின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1971ஆம் ஆண்டு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழி மூல மாணவனுக்கு 229 புள்ளி போதுமாயிருக்க, தமிழ் மொழி மூல மாணவன் 250 புள்ளி பெறவேண்டியவனானான். அன்று ஒரு புள்ளி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே தீர்மானித்தது. பின்னர் போர் வந்தது; பாடசாலைகள் இடம்பெயர்ந்தன; அகதி முகாம்களாயின. எங்கே ஓர் ஆசிரியர் இருந்தாரோ அங்கே ஒரு கொட்டில் எழுந்தது. அக்கொட்டில்களே பல ஆயிரம் பிள்ளைகளின் படிப்பை அறுந்துபோகாமற் காத்தன என்பதை நன்றியோடு நினைவுகூர்கின்றோம். காப்பாக வந்தது பின்னர் கட்டாயமாயிற்று என்பதே நம் கவலை.

இனி, பிள்ளையைக் கேட்டு நிற்கும் சமய நிறுவனங்களிடம் நாம் சில சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்திற் சமயமும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தவை. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையையும் நிறுவினர். அவர்களின் நோக்கம் மதமாற்றமே; அதை அவர்கள் மறைத்ததுமில்லை. ஆனால், கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் அவ்வாயிலாற்றான் வந்தன. அச்செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் சைவத்துக்குத் திரும்பி, செல்லரித்துக் கிடந்த ஏடுகளைத் தேடி, 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். பாடசாலை ஒன்று விதைப்பது எது, விளைவது எது என்பதை அதை நடத்துவோர்கூட முன்னறிய இயலாது போலும்!

மிஷன் பாடசாலையிற் கற்பித்தவராகிய ஆறுமுக நாவலர் அதே கருவியைக் கையிலெடுத்தார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார், பாலபாடம் எழுதினார், அச்சுக்கூடம் நிறுவினார். வீடுதோறும் அடுக்களையில் ஒதுக்கிய பிடியரிசியே அவருக்கு மூலதனம். கோயிற் கோபுரத்தை உயர்த்த வேண்டுமென்று அவர் தொடங்கவில்லை. பிள்ளையின் கையிற் புத்தகம் இருக்கவேண்டுமென்று தொடங்கினார். அவர் மறைந்து நாற்பத்துநான்கு ஆண்டுகளின் பின், 1923இல், சு. இராசரத்தினம் அவர்களின் முயற்சியாற் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றி ஊரூராகப் பாடசாலைகளை நிறுவியது. இசுலாமியச் சகோதரரிடையே சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, நவீன கல்விக்காக வாதாடியதும் இதே வகைப்பட்ட உழைப்பாகும்.

பெருமையை மட்டும் பேசி முடிப்பது நம் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்துக்கு நாம் உடன்படோம். இந்தப் பாடசாலைகளின் வாங்குகளில் எல்லாப் பிள்ளைகளும் அமரவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்த பிள்ளை நிலத்திலிருந்து படித்தது. பல இடங்களில் உள்ளே வரவுமில்லை. சைவப் பாடசாலையும் கிறிஸ்தவப் பாடசாலையும் இவ்விடயத்தில் ஒன்றையொன்று குறைகூற இயலாதவை. நாவலர் பெருமானும் சாதி ஆசாரத்தைக் கைவிட்டவர் அல்லர். அவருடைய தொண்டை மதிப்பதற்காக இதை மறைக்கவேண்டியதில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சம ஆசனம் வேண்டுமென்றபோது நம்மவர் சிலர் பாடசாலைகளுக்கே தீ மூட்டினர். 1981இல் நம் நூலகத்தை எரித்தவர்களை நாம் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் வேண்டாம். ஆனால், தீப்பந்தம் ஏந்திய கை முன்னொரு காலத்தில் நம்முடையதாகவும் இருந்ததென்பதை நம் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

அக்காலத்து இளைஞர் இதற்கு விடை கண்டனர். 1924இல் மாணவர் மாநாடாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரசாக வளர்ந்த இயக்கத்திற் சைவரும் கிறிஸ்தவரும் ஒன்றாக இருந்தனர். ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் அதன் முன்னணியில் நின்றனர். சமபந்தி போசனத்தை அவர்கள் மேடையிற் பேசியதோடு விடவில்லை. இலையை விரித்து உட்கார்ந்தார்கள். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்த அவர்களின் அரசியல் சரியா பிழையா என்பதில் இருவேறு கருத்து உண்டு. அவ்விளைஞரின் நெஞ்சுரத்திற் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

கிழக்கே காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் கற்று, துறவியாகி, 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்த நாளில், அயலிலிருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். காவி உடுத்த ஒருவர் மாலைப்பொழுதை எங்கே கழித்தார் என்பதை இன்றைய ஆலய நிருவாகிகள் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.

இவ்வுழைப்பு எங்கே அறுந்தது? 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. சில பெரிய கிறிஸ்தவக் கல்லூரிகள் கட்டணமின்றித் தனித்து நின்றன. ஏனையவை அரசின் கைக்குச் சென்றன. பாடசாலையோடு கல்விக் கடமையையும் அரசே எடுத்துக்கொண்டது என்று நம் ஆலயங்கள் எண்ணிவிட்டன. நமது நோக்கில் அன்று தொடங்கிய ஓய்வு இன்னும் முடியவில்லை. சமயப் பெரியாருக்குப் பிள்ளையின் நினைவு வருவது தேரிழுக்க ஆள் தேவைப்படும்போதும், ரியூட்டறியை மூடச் சொல்லும்போதுந்தான்.

பணம் இல்லையென்று சொல்ல இயலாது. 2009இன் பின்னர் புலம்பெயர்ந்தோரின் பணத்தால் எழுந்த இராசகோபுரங்களும் மணிமண்டபங்களும் நம் கண்முன் நிற்கின்றன. இடிந்த கோயிலை எழுப்பியதை யார் குறை சொல்வார்? இடியாத கோயிலையும் இடித்து உயர்த்துவதைத்தான் கேட்கின்றோம். அம்மண்டபங்கள் திருவிழாக் காலத்திலும் திருமண நாளிலும் திறக்கப்பட்டு, மற்றைய நாட்களிற் பூட்டுப் போட்டுக் கிடக்கின்றன. பரீட்சைக் காலத்திலோ, நள்ளிரவு வரை ஒலிபெருக்கி பாடுகின்றது; அடுத்த வீட்டிலே உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். தெய்வம் செவிடு அன்று என்பதை யாராவது தர்மகர்த்தாவின் காதிற் போட்டால் நலம்.

போதைப்பொருளுக்கும் வாள்வெட்டுக்கும் இளைஞர் ஆளாகின்றனர் என்று மேடைதோறும் புலம்பக் கேட்கின்றோம். புலம்புவோரின் ஊரில், மாலை ஆறு மணிக்குப் பதினேழு வயதுப் பையன் கூச்சமின்றிப் போய் உட்காரக்கூடிய இடம் ஒன்று உண்டா? வாசிகசாலையிற் புதிய புத்தகம் வாங்கி எத்தனை ஆண்டாயிற்று? அறநெறி வகுப்பில் அவன் கேட்பது மனனம் செய்யவேண்டிய பாடலும் பரிசளிப்பு விழாவுமாகவே இருந்தால், அவன் ஏன் வருவான்? ‘கடவுள் முன் எல்லோரும் சமம்’ என்று காலையிற் படித்த பிள்ளை, தன் தோழனைக் கோயிலின் எந்த எல்லையில் நிறுத்துகிறார்கள் என்பதை மாலையிற் பார்த்துவிடுகின்றது. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்திற் கதவடைத்தோம். இன்றும் சில ஊர்களில் தேர் வடத்தை யார் தொடுவது என்ற வழக்கு ஓயவில்லை. பாடநூலைவிட இக்காட்சியே பிள்ளைக்கு அழுத்தமான பாடம்.

ஆகவே, வெள்ளி மாலையும் ஞாயிறு காலையும் பிள்ளைகளுக்கு விடுதலை கிடைக்கட்டும். அதற்கு ஈடாக ஒவ்வோர் ஆலயமும் தன் வருமானத்திற் பத்தில் ஒரு பங்கைக் கல்விக்கென ஒதுக்கவேண்டும். மண்டபத்தின் பூட்டைத் திறந்து, விளக்கும் மேசையும் புத்தகமும் வைத்து, வறிய பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணிதமும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்க ஆசிரியரை அமர்த்தவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் அழைப்புக்காகக் காத்திருக்கின்றனர். வாசலில் நிற்கும் பிள்ளையை யார் மகன், எந்த வட்டாரம் என்று கேளாதிருக்கவேண்டும். தேவாலயங்களுக்கும் இதையே சொல்கின்றோம். பள்ளிவாசலோடு சேர்ந்த மாலை வகுப்புகளைத் தொடர்ந்து நடத்திவரும் இசுலாமியச் சகோதரரிடம் மற்றையோர் கற்கவேண்டியதும் உண்டு.

ஆலய பரிபாலன சபைகளின் ஆண்டுப் பொதுக்கூட்டங்களிற் கணக்கறிக்கை வாசிக்கப்படும். வாணவேடிக்கைக்கு இவ்வளவு, மேளக் கச்சேரிக்கு இவ்வளவு என்று கேட்டுத் தலையாட்டி வீடு திரும்புவது நம் பழக்கம். அடுத்த கூட்டத்தில், பிள்ளைகளின் படிப்புக்கு எத்தனை ரூபா என்று எழுந்து கேட்க ஒவ்வோர் ஊரிலும் ஒருவரேனும் முன்வருவாரா?