ஓடக் கற்றவர் எங்கே ஓடுவது?

சனிக்கிழமை விடியற்காலை. கொரட்டூர் ரெயில் நிலையம். தோளில் ஒரு பை, காலில் புது ஷூ, கையில் தண்ணீர் பாட்டில்.

"என்ன தம்பி, கல்யாணத்துக்கா புறப்பாடு?"

"இல்லை அண்ணே! ஓட்டப் பயிற்சி முகாம். இரண்டு நாள் கிராமத்தில் தங்கி ஓடப் போகிறோம்."

கேட்டவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஓடுவதற்கு ஒரு முகாமா? காசு கொடுத்து ஓடுவார்களா?

சிரிக்க வேண்டாம். ஓடுவது எல்லோருக்கும் தெரியும். மெதுவாக ஓடத்தான் தெரியாது!

புதிதாக ஓடுகிறவர், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போலப் பாய்கிறார். இரண்டு நிமிடத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. விலாவில் பிடித்துக்கொள்கிறது. "நமக்கு இது ஒத்து வராது" என்று உட்கார்ந்து விடுகிறார்.

முகாமில் முதல் பாடமே வேறு. பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச முடியவில்லையா? வேகம் அதிகம் என்று அர்த்தம். கொஞ்சம் நடக்கலாம். மறுபடி ஓடலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அவசரம் ஏன் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சில வாரப் பயிற்சியிலேயே இருதயமும் நுரையீரலும் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுகிறவர், முழங்கால் வலியோடு வீடு திரும்புகிறார். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் ஓடத் தொடங்கும் முன்பு டாக்டரைப் பார்ப்பது நல்லது. (புது ஷூவின் விலையைக் கேட்டால் சிலருக்கு ஓடும் முன்பே மூச்சு வாங்கும். அது வேறு விஷயம்!)

பரிசு இல்லாத ஓட்டம்

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆரோவில். அங்கே 2008-ம் ஆண்டு ஒரு மாரத்தான் ஓட்டம் தொடங்கியது. முழு மாரத்தான் என்றால் 42 கிலோ மீட்டருக்கும் சற்று அதிகம். பாதி தூரம் ஓடலாம், 10 கிலோ மீட்டரும் ஓடலாம். ஓடும் பாதை, மரங்களுக்கு நடுவே செல்லும் செம்மண் பாதை. முதல் பரிசு கிடையாது. யார் முந்தினார் என்ற கணக்கும் கிடையாது. ஆனாலும் சென்னையில் இருந்து குடும்பம் குடும்பமாகப் போய், சனிக்கிழமை இரவு தங்கி, ஞாயிறு காலையில் ஓடினார்கள். பட்டணத்து மனிதருக்குக் கிராமத்து மண்ணில் அத்தனை ஆசை!

ஆசை சரி. திங்கட்கிழமை என்ன செய்வது?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது நன்றாக உடலை அசைக்க வேண்டும் என்றும், பள்ளிப் பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. இரண்டு நாள் முகாமில் இந்தக் கணக்குத் தீராது. கற்ற பாடத்தை ஊரில் தொடர வேண்டும். ஊரிலோ தெருவில் இறங்கினால் தண்ணீர் லாரி, மோட்டார் சைக்கிள், துரத்தும் நாய். ஆண்கள் எப்படியோ சமாளிக்கிறார்கள். இருட்டுப் பிரியாத நேரத்தில் ஒரு பெண் தனியாக ஓட முடியுமா? வீட்டில் விடுவார்களா?

கரை இருக்கிறது

கொரட்டூரும் ஒரு காலத்தில் கிராமம்தான். 1856-ல் இந்த வழியாக ரெயில் ஓடத் தொடங்கியபோது, இரு பக்கமும் ஏரிகள் தண்ணீர் பாய்ச்சிய பூமி. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. வயல் வீடாயிற்று. 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. வயல் போனாலும் ஏரி போகவில்லை. அதில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலந்தபோது, 2010-களில் கொரட்டூர் மக்கள் சும்மா இருக்கவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய் முறையிட்டார்கள்.

தண்ணீருக்காகப் போராடிய ஊர், கரைக்காகவும் கேட்கலாம். மேடு பள்ளம் இல்லாத மண் பாதை வேண்டும். அதிகாலை 5 மணிக்கு விளக்கு எரிய வேண்டும். காவலுக்கு ஆள் வேண்டும். மூக்கைப் பொத்தாமல் மூச்சு இழுக்கும்படி காற்று இருக்க வேண்டும். கிராமத்து முகாமில் கிடைப்பதில் பாதி, ரெயில் ஏறாமலேயே இங்கே கிடைக்கும்.

பெண் பிள்ளை ஓடினால் என்ன ஆகும் என்று கேட்கிறவர்கள், மதுரைக்குப் பக்கத்து சக்கிமங்கலத்தைப் பார்க்க வேண்டும். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர் ரேவதி. பாட்டி ஆரம்மாள் கூலி வேலை செய்து வளர்த்தார். "பொம்பளைப் பிள்ளையை ஓட அனுப்புகிறாயே" என்று அக்கம் பக்கத்தில் பேசினார்கள். பாட்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷூ வாங்க வழி இல்லாமல் வெறுங்காலோடு ஓடிய ரேவதி, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தொடர் ஓட்டம் ஓடினார்.

அவருக்கு மதுரையில் ஒரு மைதானம் இருந்தது. கற்றுக்கொடுக்கக் கண்ணன் என்ற பயிற்சியாளர் இருந்தார்.

கொரட்டூர்ப் பெண்ணுக்கு ஏரிக்கரை இருக்கிறது. அதில் முதலில் விளக்கைப் போடட்டும்!