“ஒரு துண்டு தின்றால் என்ன?”

பிறந்த நாள் வீடு. மேஜை மேல் கேக். எல்லாக் குழந்தைகளும் கை நீட்டுகின்றன. ஒரு குழந்தை மட்டும் ஒதுங்கி நிற்கிறது. அதற்குக் கோதுமை ஆகாது.

“ஒரு துண்டு தின்றால் என்ன ஆகிவிடும்? உங்க அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம்!” என்று ஒரு பெரியம்மா ஊட்ட வருகிறார்.

பெரியம்மாவின் அன்பை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கையைத் தடுத்தே ஆகவேண்டும்.

சிலருடைய உடம்பு சில உணவுகளைப் பகையாக நினைத்து எதிர்க்கிறது. அதுதான் ஒவ்வாமை. ‘அலர்ஜி’ என்றும் சொல்கிறார்கள். தோல் தடிக்கும். உதடு வீங்கும். வாந்தி வரும். சிலருக்கு மூச்சுத் திணறும். உயிர் போனதும் உண்டு. முழுத் துண்டு தேவையில்லை. கத்தியில் ஒட்டிய துணுக்கே சிலருக்குப் போதும்.

பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை, சோயா, முந்திரி-பாதாம் போன்ற கொட்டைகள், மீன், இறால் - அதிகத் தொல்லை தருபவை இவை. பொட்டலத்தில் விற்கும் உணவில் இவை இருந்தால் அச்சிட வேண்டும் என்று 2020-ம் ஆண்டு விதி சொல்கிறது. படித்துப் பார்த்து வாங்குங்கள். கூட்டுப் பெருங்காயத்தில்கூட மைதா கலப்பது உண்டு!

இப்போது கடைகளில் தேங்காய் மாவு வந்திருக்கிறது. பாலோ எண்ணெயோ எடுத்தபின் மிஞ்சும் தேங்காயை உலர்த்தி அரைத்த மாவு அது. பால் பிழிந்துவிட்டு நாம் எறிகிறோமே, அதே சக்கைதான். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

அதில் கோதுமை இல்லை. அது உண்மை. ஆனால் “தேங்காய் மாவு கேக், யாரும் சாப்பிடலாம்” என்றால் நம்பாதீர்கள். இந்த மாவு தண்ணீரை மடமடவென்று குடிக்கும். ஒட்டும் தன்மையும் இல்லை. அதனால் ஐந்தாறு முட்டை உடைத்து ஊற்றுகிறார்கள். பாதாம் மாவும் சேர்க்கிறார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை!

தேங்காயே ஆகாதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் குறைவு. அமெரிக்க அரசின் உணவுத் துறை, ஒவ்வாமைக் கொட்டைகளின் பட்டியலிலிருந்து 2025 ஜனவரியில் தேங்காயை நீக்கிவிட்டது. ஆனாலும் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் புதிதாகக் கொடுக்குமுன் டாக்டரைக் கேளுங்கள்.

முட்டை, பால், மைதா எதுவும் இல்லாமல் கேக் செய்ய முடியாதா? முடியும். அதையும் அந்தக் குழந்தைக்கு மட்டும் தனித் தட்டில் கொடுக்க வேண்டாம். வந்தவர்கள் எல்லோருக்கும் அதே கேக் என்று வையுங்கள். நோயைவிடத் தனியே நிற்பதுதான் பிள்ளைகளை அதிகம் வாட்டுகிறது.

தேங்காய்ச் சக்கையை மொறுமொறுப்பாகக் காயவைத்து, வீட்டு மிக்சியில் அரைத்துச் சலியுங்கள். ஈரம் இருந்தால் சிக்கு வாடை அடிக்கும். மாவு மில்லுக்குக் கொடுக்காதீர்கள். அதே இயந்திரத்தில்தான் கோதுமையும் அரைக்கிறார்கள்!

அரிசி மாவு 1 டம்ளர், தேங்காய் மாவு கால் டம்ளர், சமையல் சோடா அரை ஸ்பூன். இதில் வெல்லத்தூள் முக்கால் டம்ளர், பிசைந்த வாழைப்பழம் 2, தேங்காய்ப் பால் 1 டம்ளர், தேங்காய் எண்ணெய் கால் டம்ளர், எலுமிச்சைச் சாறு 2 ஸ்பூன், கொஞ்சம் ஏலக்காய் சேர்த்துக் கலக்குங்கள். முட்டை செய்யும் ஒட்டு வேலையைப் பழம் ஓரளவு செய்யும். பத்து நிமிஷம் ஊறட்டும். கெட்டியானால் இன்னும் கொஞ்சம் பால் விடுங்கள்.

தட்டுக்கு நல்லெண்ணெய் தடவாதீர்கள். எள்ளும் சிலருக்கு ஆகாது. 180 டிகிரி சூட்டில் 40 நிமிஷம். ஓவன் இல்லையா? கனத்த பாத்திரத்தில் மணல் பரப்பி, மூடிச் சூடாக்கி, அதற்குள் வையுங்கள். கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கடைக் கேக் மாதிரி பஞ்சாக இருக்காது. சற்றுக் கனமாகவே இருக்கும். நன்றாக ஆறியபின், கழுவித் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும்.